வாசகர் கேள்வி – பதில்: வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே வலைப்பூ

கேள்வி: தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். மாமியாரும் எங்களோடு இருக்கிறார். சமையல் பற்றியும் எங்கள் ஊர்த் திருவிழாக்கள் பற்றியும் வலைப்பூவில் எழுதி வருகிறேன். எல்லாரும் உறங்கிய பிறகு மடிக்கணினியைத் திறந்தால் ஒரு பத்திகூட நகர்வதில்லை. நான் என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: உங்களுக்கு நேரம் குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனால் பத்தி நகராமல் நிற்பதற்குக் காரணம், எதை எழுதலாம் என்று யோசிப்பது, எழுதுவது, பிழை திருத்துவது, படம் சேர்த்து வெளியிடுவது ஆகிய நான்கு வேலைகளையும் நாளின் கடைசி அரை மணியில் ஒன்றாகச் செய்ய முயல்வதுதான் என்று கருதுகிறேன். இந்த நான்கில் எழுதுவதற்கு மட்டுமே இடையூறில்லாத நேரமும் களைப்படையாத மனமும் வேண்டும். மற்றவற்றைப் பேருந்துப் பயணத்திலும், டியூஷன் வாசலில் காத்திருக்கும்போதும், குக்கரில் அடுத்த விசில் வருவதற்குள்ளும் முடித்துக்கொள்ளலாம்.

இதற்குக் கைப்பேசியில் கூகுள் கீப் போன்ற ஒரு குறிப்புச் செயலி போதும். ஒரு பதிவுக்கு ஒரு குறிப்பு என்று வைத்துக்கொண்டு, தோன்றுவதைத் தோன்றும்போதே இரண்டு வரி சேர்த்து வாருங்கள். சமையல் பதிவுக்கு இது மிகவும் உதவும். எத்தனை மிளகாய் போட்டோம், புளி எவ்வளவு நேரம் ஊறியது என்பதெல்லாம் மறுநாள் நினைவில் நிற்பதில்லை. அடுப்படியிலேயே குறித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுத்துவிட்டால், படங்களின் வரிசையே செய்முறையின் வரிசையாக அமைந்துவிடும். பிறகு எழுத உட்காரும்போது வெற்றுத் திரையைப் பார்த்துத் திகைக்க வேண்டியிருக்காது.

எழுதும் நேரத்தை மட்டும் வீட்டாரிடம் வெளிப்படையாகக் கேட்டுப் பெறுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளையும் அடுக்களையையும் கணவர் பார்த்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டால், அது ஒரு வாரத்து இரவுகள் தராததைத் தரும். எல்லா வேலையும் முடிந்து மிஞ்சிய நேரத்தில்தான் பெண் எழுத வேண்டும் என்ற வழக்கத்தை நாம் இனியும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நன்றாக எழுத வந்த வாரத்தில் இரண்டு பதிவுகள் முடித்தால், ஒன்றை உடனே வெளியிட்டு மற்றொன்றைப் பின்னொரு தேதிக்குக் குறித்து வைத்துவிடுங்கள். வலைப்பூத் தளங்களான பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலுமே இந்த வசதி உண்டு. முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும் மாதங்களில், வலைப்பூ உறங்குகிறதே என்ற கவலை இல்லாமல் பிள்ளைகளோடு உட்கார அது இடம் தரும்.

கேள்வி: ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தட்டித்தான் தமிழில் எழுதுகிறேன், மிகவும் மெதுவாக இருக்கிறது. கைப்பேசியிடம் பேசியே எழுதிவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எது நல்லது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இரண்டுக்கும் இடம் உண்டு. குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, குரல்வழித் தட்டச்சில் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசினால், பேசப் பேச எழுத்தாகிவிடும். கைப்பேசியில் ஜிபோர்டு விசைப்பலகையின் ஒலிவாங்கியும் இதையே செய்யும். பயணக் குறிப்பு, நினைவுகள், பேட்டி போன்றவற்றின் முதல் வரைவுக்கு இது நல்ல துணை. ஆனால் லகர, ளகர, ழகரங்களும் ரகர, றகரங்களும் இடம் மாறி விழும். வல்லினம் மிக வேண்டிய இடங்களில் ஒற்று விடுபடும். நிறுத்தக்குறிகளை நீங்கள்தான் இட்டு நிரப்ப வேண்டியிருக்கும். வாதத்தைப் படிப்படியாகக் கட்டி எழுப்ப வேண்டிய கட்டுரையைப் பேசி எழுதினால், சொன்னதையே மறுபடி சொல்லி நீண்டுவிடும் என்பதும் கவனிக்க வேண்டியது.

வாரந்தோறும் எழுதுகிறவர் என்றால், தமிழ் 99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளும்படி வலியுறுத்திச் சொல்வேன். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட இந்த அமைப்பு, தமிழின் இயல்பை அறிந்து உருவாக்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்களில் பெரும்பாலானவை வலக்கையிலும் அமைந்திருக்கின்றன. நடு வரிசையில் அகரமும் இகரமும் உகரமும் இருக்க, அவற்றின் நெடில்கள் நேர் மேலே உள்ளன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். ஆகவே ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு தட்டல்கள் போதும். தட்டச்சுப் பலகையில் தமிழே ஓடுவதால், ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் ஆங்கில எழுத்தாக மாற்றிப் பார்க்கும் இரட்டை வேலை நின்றுவிடுகிறது. வேகம் கூடுவதைவிட இதைத்தான் பெரிய நன்மையாக எண்ணுகிறேன். விண்டோஸிலும் மேக் கணினியிலும் இது உள்ளிருப்பாகவே கிடைக்கிறது. கைப்பேசிக்குச் செல்லினம் செயலி இருக்கிறது. தொடக்கத்தில் சில வாரங்கள் முன்னைவிட மெதுவாகவே எழுதுவீர்கள். அந்த நாட்களில் குறிப்புகளையும் சிறு பதிவுகளையும் மட்டும் இதில் எழுதிப் பழகுங்கள்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். வகுப்பறை அனுபவங்களை எழுதுகிறேன். சில நேரம் மாணவர்களின் படங்களையும் என் மகளின் படங்களையும் இடுகிறேன். இது சரியா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அனுபவங்களை எழுதுங்கள், அவை எழுதப்பட வேண்டியவை. மாணவர்களின் முகமும் பெயரும் வேண்டாம். ஒரு குழந்தையின் வறுமையோ, படிப்பில் அது படும் சிரமமோ, பின்னாளில் அந்தப் பெயரைத் தேடுகிறவர் கண்ணில் படும்படி இணையத்தில் கிடக்கக் கூடாது. உங்கள் மகளுக்கும் இது பொருந்தும். விவரம் தெரிந்த வயது என்றால் அவளிடம் கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கைப்பேசிக் கேமராவின் அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்து வையுங்கள். இல்லையேல் படத்தோடு இடத்தின் விவரமும் சேர்ந்து போகக்கூடும்.

அரசு ஊழியர் என்பதால், 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். அரசின் கொள்கைகளைப் பொதுவெளியில் விமரிசிப்பதும், எழுத்தின் வழியாக வருமானம் பெறுவதும் விதிகளோடு உரசக்கூடிய இடங்கள். விளம்பரம் சேர்க்கும் எண்ணம் இருந்தால், முன்னதாகவே துறையிடம் எழுத்துமூலம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

கேள்வி: பல ஆண்டுப் பதிவுகள் பிளாகரில் இருக்கின்றன. தனியே பாதுகாக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: கட்டாயம் வேண்டும். பிளாகரை நடத்துவது கூகுள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கூகுள் கணக்குகளை நீக்கக்கூடும் என்று 2023ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனம் அறிவித்துவிட்டது. எழுதாவிட்டாலும் அந்தக் கணக்கில் அவ்வப்போது நுழையுங்கள், கடவுச்சொல்லோடு இன்னோர் உறுதிப்படுத்தலையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். கூகுள் டேக்அவுட் பக்கத்தில் பிளாகரைத் தேர்ந்தெடுத்தால் பதிவுகளும் பின்னூட்டங்களும் கோப்பாகக் கிடைக்கும். எழுத்தைக் காப்பது போலவே படங்களின் மூலப் பிரதிகளையும் கணினிக்கு வெளியே இணைக்கும் வன்வட்டு ஒன்றில் தனியே வைத்திருங்கள். நீங்கள் இல்லாதபோதும் திறக்க முடியும்படி, அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.