சுருதிப்பெட்டியையும் தின்றுவிட்டதா? பதிவுக் கேள்விகள், பதில்கள்

தைப்பூசக் காவடி முடிந்த கையோடு தென்னாப்பிரிக்காவில் எல்லாரிடமும் ஒரு பதிவு இருக்கிறது, எல்லாப் பதிவிலும் ஒரு இரைச்சல் இருக்கிறது. வந்த கேள்விகளுக்கு ஆடாசிட்டி (Audacity) என்ற ஒலிப்பதிவு மென்பொருளை வைத்தே பதில் சொல்கிறேன். காசில்லாமல் கிடைப்பது, நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பதும் அதுதான்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா: தேவாரப் பதிவில் ஃபேன் சத்தம். நாய்ஸ் ரிடக்ஷன் (இரைச்சலைக் குறைக்கும் எஃபெக்ட்) போட்டால் சுருதிப்பெட்டியும் சேர்ந்து போய்விட்டது, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது.

அக்கா, விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பது எதுவானாலும் அந்த எஃபெக்டுக்கு இரைச்சல்தான். நீங்கள் மாதிரி எடுத்த இடத்தில் சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்திருக்கும். பெட்டி தொடங்குமுன் ஃபேன் மட்டும் கேட்கும் இரண்டு மூன்று வினாடியைத் தேர்ந்து 'கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்' அழுத்துங்கள். பிறகு முழுப் பாட்டையும் தேர்ந்து 6 டெசிபெலில் ஆரம்பியுங்கள். 24 எல்லாம் வேண்டவே வேண்டாம்.

அங்கேயே 'ரெசிட்யூ' என்று ஒன்று இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. அதை வைத்து 'ப்ரிவ்யூ' கேட்டால், வெட்டி எறியப்போவது மட்டும் கேட்கும். ஃபேன் மட்டும் கேட்டால் சரி. பாடுகிறவர் குரல் லேசாகக் கேட்டாலும் டெசிபெலைக் குறையுங்கள். பிறகு மறக்காமல் 'ரெட்யூஸ்' பக்கம் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் ஃபேன் கச்சேரிதான் மிஞ்சும். அடுத்த முறை பெட்டியைப் போடுமுன் பதிவை ஐந்து வினாடி சும்மா ஓடவிடுங்கள்.

ஃபீனிக்ஸ் தம்பி: ஆடாசிட்டியோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள் (பிளக்-இன்) இரண்டு இறக்கினேன்: எதிரொலி சேர்க்கும் ஒரு ரிவெர்ப், ஒரு தம்பூரா. இரண்டுமே மெனுவில் இல்லை அண்ணே.

ரிவெர்ப் 32 பிட்டா பார். 64 பிட் ஆடாசிட்டி அதை ஏற்காது. 64 பிட் விஎஸ்டி3 (பிளக்-இன் வகைகளில் ஒன்று) என்றால், விண்டோஸில் 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்', அதற்குள் 'காமன் ஃபைல்ஸ்', அதற்குள் 'விஎஸ்டி3' ஃபோல்டரில் போட்டு ஆடாசிட்டியை மூடித் திற. அப்போதும் வராவிட்டால் 'ப்ளக்-இன் மேனேஜரில்' அதற்கு டிக் போடு. தம்பூரா விஷயம் வேறு. அது வாத்திய பிளக்-இன். ஆடாசிட்டியின் 3-ஆம் பதிப்பு எஃபெக்டை மட்டும்தான் ஏற்கும். ரீப்பர் மாதிரி வேறொரு இசைப்பதிவு மென்பொருளில் வாசித்து வேவ் கோப்பாக எடுத்துக் கொண்டுவா.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு ஐயா: மைக் வயரில் 'ம்ம்' என்று முனகல். இன்னொரு பதிவில் லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) நேரத்து ஜெனரேட்டர்.

முனகலுக்கு நாட்ச் ஃபில்டர், ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டுவது. திறந்ததும் 60 ஹெர்ட்ஸ் என்று காட்டும், அது அமெரிக்கக் கரண்ட். தென்னாப்பிரிக்காவில் 50. அதை வெட்டிவிட்டு, தேவைப்பட்டால் 100, 150 இரண்டையும் தனித்தனியாக வெட்டுங்கள். 'க்யூ' எண் 1-லேயே இருந்தால் வெட்டு அகலமாக விழும். இரண்டு கட்டையில் (D சுருதியில்) பாடுகிற ஆண் குரலின் சட்ஜம் (ஸ) ஏறக்குறைய 147 ஹெர்ட்ஸ். 150-ஐ அகலமாக வெட்டினால் சட்ஜமே நொண்டும். க்யூவை நன்றாகக் கூட்டி வெட்டை ஒடுக்குங்கள்.

ஜெனரேட்டர் அப்படி அடங்காது. லோடு ஏறி இறங்க இன்ஜின் வேகமும் ஆடும், சத்தமும் இடம் மாறும். தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் அடி உறுமல் குறையும், மிருதங்கத் தொப்பியும் (கனத்து ஒலிக்கும் பக்கம்) கொஞ்சம் மெலியும். மீதியைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான் ஐயா.

லெனேசியா: கோயில் மண்டபத்தில் பாடியது. ரிவெர்ப் எவ்வளவு போடலாம்?

சுழியம். மண்டபம் ஏற்கெனவே பதிவில் இருக்கிறது. வீட்டு அறையில் பாடியதற்கு வேண்டுமானால் போடுங்கள், ஆனால் கம்ப்ரெஸருக்கு (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் எஃபெக்ட்) பிறகு. முன்னால் போட்டால் எதிரொலியின் வாலையும் கம்ப்ரெஸர் தூக்கிக் கொடுக்கும். 2022-இல் வந்த ஆடாசிட்டி 3.2 முதல், பாட்டு ஓடும்போதே எஃபெக்டைப் போட்டு எடுத்துப் பார்க்கலாம்.

மறுபடி சாட்ஸ்வொர்த்: நாதஸ்வரம் கரகர என்கிறது. எந்த பிளக்-இன்?

அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சி தட்டையாக இருந்தால் பதியும்போதே வெட்டுப்பட்டுவிட்டது. வெட்டுப்பட்ட உச்சியைச் சரிசெய்யும் 'கிளிப் ஃபிக்ஸ்' எஃபெக்ட் லேசான வெட்டுக்குத்தான் உதவும். நாதஸ்வரத்துக்கு உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் லெவல் வையுங்கள், மைக்கை சீவாளிக்கு எதிரே நீட்டாதீர்கள்.