தை பிறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 56 வயது. தீட்டு நின்று நான்கு வருடமாகிறது. ஆவணியில் உள்பாவாடையில் லேசாக இரத்தக் கறை பட்டது. உடம்புச் சூடுதான் என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது பயாப்சியில் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. வெளியே பரவியதாக ஸ்கேனில் தெரியவில்லையாம். ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார் நாத்தனார். தையில் மகள் கல்யாணம். அதுவரை தள்ளிப்போடலாமா? நான் மறைத்ததால் வந்த வினையா இது?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரி, தள்ளிப்போட வேண்டாம். டாக்டர் சொல்லும் தேதியிலேயே ஆபரேஷனை முடித்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தன்று உடம்பு அசதியாக இருந்தால், மணமேடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டால் போகிறது. தேவைப்பட்டால் முகூர்த்தத்தை மாற்றுங்கள். வைகாசியிலும் முகூர்த்தம் உண்டு.

நீங்கள் மறைத்ததால் இந்த நோய் வரவில்லை. உடல் பருமன், சர்க்கரை, ஹார்மோன் மாற்றம் எனக் காரணங்கள் பல. தீட்டு நின்றபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும் என்று நம் வீடுகளில் யார் சொல்லித் தருகிறார்கள்? அப்படிப் போகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனாலும் பார்த்துவிட வேண்டும். இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் 10 பேரில் 9 பேருக்கு அந்த இரத்தப்போக்குதான் அறிகுறி. அதனாலேயே இது பெரும்பாலும் சீக்கிரம் பிடிபடுகிறது. கர்ப்பப்பையைத் தாண்டாத நிலையில் சிகிச்சை எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்து வருடம் கழித்தும் நன்றாக இருக்கிறார்கள்.

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு, முற்றிப்போனபின் ஆபரேஷனுக்குப் போனவர்களைப் பார்த்து வந்ததாக இருக்கலாம். உங்கள் நோய்க்கு முதல் வைத்தியமே ஆபரேஷன்தான். கர்ப்பப்பையையும், கூடவே பெரும்பாலும் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுப்பார்கள். எடுத்த கர்ப்பப்பையைச் சோதித்து, நோய் அதன் தசைக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ரேடியேஷன் வேண்டுமா என்பது தெரியும். இன்னொரு டாக்டரிடம் கேட்க நினைத்தால் தாராளமாகக் கேளுங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது, பயாப்சிக்கு எடுத்த சதை இருக்கும் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிப் போங்கள். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று விசாரியுங்கள்.

அப்புறம், உங்கள் பிறந்த வீட்டில் யாருக்காவது குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மகளுக்கும் அது தெரிய வேண்டிய விஷயம்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நாத்தனாரையும் கூட்டிப் போங்கள். பரவுமா என்று அவரே டாக்டரிடம் கேட்கட்டும்.