மூளை முடக்குவாதம் உள்ள மூணு வயசுக் குழந்தையை அங்கன்வாடியில் சேர்த்துக்குவாங்களா?

சேர்த்துக்கணும். "நடக்க ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வாங்க"ன்னு உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பாங்க, அதான் இங்க வந்து கேக்கறீங்க. இந்தக் குழந்தைகளை அங்கன்வாடியில எப்படிப் பாத்துக்கறதுன்னு மத்திய அரசு 2023 நவம்பர்லயே தனி நெறிமுறை வெளியிட்டிருக்கு.

நான் கோத்தகிரிப் பக்கம் அங்கன்வாடி டீச்சர். தேயிலை எஸ்டேட் லைன் வீட்டுல இருந்து ஒரு பாட்டி பேரனைத் தூக்கிட்டு வந்தாங்க. கழுத்து நிக்காது, கை கால் விறைப்பு. "எங்க பிள்ளைக்கும் ஒட்டிக்கும்"னு ரெண்டு அம்மாக்கள் சண்டைக்கே வந்துட்டாங்க. ஒட்டற வியாதி இல்லைன்னு சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை போச்சு.

ஊட்டியில தெரபிஸ்ட் சொன்னபடி, ரெண்டு சுவர் சேர்ற மூலையில, பக்கத்துக்கு ஒரு தலகாணி வெச்சு உக்கார வெச்சோம். குளிர்ல விறைப்பு கூடும், அதனால வெறுந்தரையில விடமாட்டோம். முட்டை நாள்ல மஞ்சக்கரு தொண்டையில அடைச்சுக்கும். பருப்புத் தண்ணி விட்டு மசிச்சு, தலையைப் பின்னால சாய்க்காம, தாடையைக் கொஞ்சம் கீழ வெச்சு ஊட்டணும். ஆயாம்மா என்னைவிட நல்லா ஊட்டுவாங்க. பாட்டு பாடறப்ப எவர்சில்வர் தட்டை இடது கையால ஓங்கித் தட்டுவான், தாளத்துக்குச் சம்பந்தமே இருக்காது. அவன் தட்டற வரைக்கும் மத்ததுங்க அடுத்த வரி பாடாதுங்க. சத்தம் தாங்காம ஆயாம்மா பிளாஸ்டிக் மூடியை மாத்திக் குடுத்தாங்க, அழுது தட்டையே வாங்கிட்டான்.

நடந்தானான்னு கேட்டா, இல்லை. வாக்கர் பிடிச்சு நிக்கறான். "ஒரு டீச்சர் இத்தனை பிள்ளையைப் பாக்கணும், இதுல இது வேறயா"ன்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். எனக்கு நேரத்தைத் தின்றது அந்தப் பையன் இல்லீங்க, அங்கன்வாடி விவரத்தைப் பதியச் சொல்ற செல்போன் ஆப்தான். சிக்னலுக்காகத் தேயிலைக்காட்டு மேட்டுல ஏறி நின்னு போட்டோ ஏத்தணும். மழை நாள்ல அதுவும் ஏறாது. வேலையே பாக்கலைன்னு மீட்டிங்ல நம்மளத்தான் நிக்க வெச்சுக் கேப்பாங்க. சரி, விடுங்க.

தடுப்பூசி அட்டை, தெரபி சீட்டு எடுத்துட்டுப் போங்க. பள்ளிச் சிறார் டாக்டர் குழு வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்கன்வாடிக்கு வரணும். எப்பன்னு கேட்டு வெச்சுக்குங்க. காலையில போகாதீங்க, அடுப்பும் பிள்ளைங்களுமா இருக்கும். சாப்பிட்டுப் பிள்ளைங்க தூங்கினப்புறம் போங்க, டீச்சர் உக்காந்து பேசுவாங்க.