விற்றுப்போன விஸ்கி

அன்புள்ள சார்,

நியூ ஜெர்சியில் கணினித் துறையில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் யூத நண்பர், யூதர்களின் பஸ்கா பண்டிகைக்காகத் தன் விஸ்கி புட்டிகளையெல்லாம் ரபி (யூத மதகுரு) மூலம் யாருக்கோ ‘விற்றுவிட்டேன்’ என்றார். புட்டிகள் அவர் வீட்டு அலமாரியிலேயேதான் இருக்கின்றன. பண்டிகை முடிந்ததும் அவருக்கே திரும்பிவிடுமாம். இது கடவுளிடமே கள்ளக்கணக்கு காட்டுவது இல்லையா? இன்னொன்று, பஸ்கா வீட்டுப் பண்டிகை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் ஜெப ஆலயத்துக்கு அதில் என்ன வேலை?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் முதல் கேள்வியிலேயே பாதி இருக்கிறது.

பஸ்கா நாட்களில் கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ் போன்ற ஐந்து தானியங்களில் புளித்த எதையும் சாப்பிடக்கூடாது என்பது தெரிந்ததுதான். விஸ்கியும் அதில் சேரும். வைத்திருக்கவும் கூடாது என்பதில்தான் சிக்கல். ‘வீடுகளில் காணப்படலாகாது’ என்கிறது வேதாகமத்தின் யாத்திராகமம். மிச்ச ரொட்டியை எரித்துவிடலாம். சாராயம் காய்ச்சிப் பிழைப்பவர் என்ன செய்வார்? அந்தக்கால போலந்தில் பிரபுக்களின் வடிசாலைகளையும் மதுக்கடைகளையும் குத்தகைக்கு எடுத்தவர்களில் யூதர்கள் ஏராளம். பீப்பாய்களை எங்கே தூக்கிக்கொண்டு போவது? 17ஆம் நூற்றாண்டில் கிராகூவ் ரபி யோயெல் சிர்கிஸ் வழி சொன்னார்: சரக்கு இருக்கும் அறையையும் சேர்த்து, யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுங்கள்.

வாங்குபவர் முதலில் கொஞ்சம்தான் கொடுப்பார்; பார்க்க அச்சாரம் மாதிரி இருக்கும். ஆனால் கிரயம் அப்போதே முடிந்துவிடுகிறது. மீதித் தொகை வாங்கியவர் தலையில் கடன். அவர் நடுவில் வந்து கதவைத் தட்டி ஒரு புட்டியைத் திறந்தால் உங்கள் நண்பர் தடுக்க முடியாது. யாரும் வந்து தட்டுவதில்லை, அது வேறு விஷயம். இஸ்ரேலில் அரசுக்குச் சொந்தமான புளித்த பண்டங்களையே தலைமை ரபிகள் இப்படித்தான் விற்கிறார்கள். பல ஆண்டுகள் அதை வாங்கியவர் அபு கோஷ் ஊரைச் சேர்ந்த ஓர் அரபு முஸ்லிம்.

நான் இந்த விற்பனையை டொராண்டோவில் ஒரு ஜெப ஆலயத்தில், நண்பர் ஒருவரோடு போய்ப் பார்த்தேன். காலை ஜெபம் முடிந்து ரபியின் மேசை முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். படிவத்தில் பெயர், முகவரி, எந்த அலமாரி. அப்புறம் ரபி ஒரு கைக்குட்டையை நீட்டுவார். வந்தவர் அதை வாங்கி லேசாகத் தூக்கித் திருப்பிக் கொடுப்பார். என் சார்பில் விற்கலாம் என்று அதிகாரம் கொடுத்ததற்கு அது அடையாளம். இப்போது பலர் இணையத்திலேயே படிவத்தை நிரப்பிவிடுகிறார்கள். கைக்குட்டை இல்லாமல் எனக்கென்னவோ சப்பென்று இருக்கிறது.

மேசையின் ஓரத்தில் ஓர் உறை. ‘மாவோத் ஹிட்டிம்’, அதாவது கோதுமைப் பணம். இல்லாதவர்களின் பண்டிகைச் செலவுக்கு. யாருக்குப் போகிறது என்று போடுபவர் கேட்பதில்லை. கைக்குட்டையைத் திரும்ப வாங்கும்போது ரபி ஒவ்வொருவரிடமும் தாழ்ந்த குரலில், “செடர் விருந்துக்கு எங்கே?” என்று கேட்டார். செடர் என்பது பஸ்கா தொடங்கும் இரவில் வீட்டில் கூடி உண்ணும் விருந்து. ஒரு பெரியவர், மனைவியை இழந்தவராம், “வீட்டில்தான்” என்று இழுத்தார். பின்னால் நின்றவர் படிவத்தில் எழுதிக்கொண்டே, “ஏழரைக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்” என்றார். பெரியவர் சரி என்றுகூடச் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

செடர் இரவில் ‘பசித்தவர் எல்லோரும் வந்து உண்ணட்டும்’ என்று அராமிக் மொழியில் சொல்லித்தான் எகிப்திலிருந்து விடுதலையான கதையை ஆரம்பிக்கிறார்கள். நடுவீட்டில் உட்கார்ந்து சொன்னால் தெருவில் யாருக்குக் கேட்கும்? அந்த அழைப்பு வேலை முந்தின வாரமே அந்த மேசையில் முடிந்திருக்க வேண்டும்.

மற்றபடி ஆலயத்தில் வழிபாடுகள் உண்டு. முதல் நாள் பனித்துளிக்கான ஜெபம்; கடைசி நாள் இறந்தவர்களுக்கான நினைவு ஜெபம். அதன்போது அப்பா அம்மா இருவரும் உயிரோடிருப்பவர்கள் எழுந்து வெளியே போய்விடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. டொராண்டோ நண்பரும் அப்படி வெளியே வந்து நிற்பவர்தான்.

சரி, கள்ளக்கணக்கு. பண்டிகை முடிவதற்குள் உங்கள் நண்பரிடம் ஒரு பெக் கேட்டுப் பாருங்கள். “என்னுடையது இல்லையே” என்பார்.