படைக்குக் கை கொடுத்த சங்கங்களும் கோயில்களும்: கேள்வி பதில்

முதல் உலகப் போரில் சங்கத்தார் போர்முனைக்கே போனார்களாமே? (மாணவர், கானாடுகாத்தான்)

போனார்கள் தம்பி. அமெரிக்கக் கத்தோலிக்க ஆண்களின் சகோதர சங்கமான நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ், படைவீரர்களுக்காகக் குடில்கள் அமைத்தது. 'எல்லாரும் வரலாம், எல்லாம் இலவசம்' என்பதே அவற்றின் அறிவிப்பு. கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் குடில்கள் நம் சிப்பாய்களுக்கும் இருந்தன. தேநீர், விளையாட்டு எல்லாம் உண்டு. என் மனம் நிற்பது அங்கிருந்த எழுதுமேசையில்தான். தாளும் உறையும் கொடுத்து, எழுத்தறியாத சிப்பாய் சொல்லச் சொல்ல ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். 1916-இல் ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலாளர் ஆன கே.டி. பால், நம் சேலத்துக்காரர்.

சென்னை மாகாணம் என்ன செய்தது? (முன்னாள் ராணுவ வீரர், கோட்டையூர்)

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டதை எல்லாரும் சொல்வார்கள். அதே ஆண்டு மாகாணப் போர் நிதியில் ஒரு கப்பலை மருத்துவமனையாக மாற்றி, 'மெட்ராஸ்' என்று பெயரிட்டு அனுப்பியதைச் சொல்பவர்கள் குறைவு.

நேதாஜியின் படைக்கு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) உதவினார்களா? (வாசகி, தேவகோட்டை)

உதவினார்கள் ஆச்சி. ஆனால் அதை ஒரே நிறத்தில் தீட்டிவிடக் கூடாது. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி கேட்டது 3 லட்சம் வீரர்கள், 3 கோடி டாலர். மனமுவந்து கொடுத்தவர்கள் உண்டு. தயங்கிய செல்வந்தர்களிடம் அவர் கடுமையாகவே பேசினார். மலேயாவிலிருந்து படையில் சேர்ந்தவர்களில் பெரும்பங்கு தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

1943 அக்டோபரில், தசரா நேரத்தில், சிங்கப்பூர் டேங்க் ரோடு செட்டியார் கோயிலுக்கு வரும்படி அவரை அழைத்தார்கள். எல்லாச் சாதி, மதத்துத் தோழர்களுடனும்தான் வருவேன் என்றார். கோயிலார் ஒப்புக்கொண்டார்கள். ஆபித் ஹசன் உட்பட முஸ்லிம் அதிகாரிகளும் உடன் வந்தார்கள். எல்லார் நெற்றியிலும் திலகம் இடப்பட்டது. 1859-இல் எழுந்த அந்தத் தெண்டாயுதபாணி சந்நிதியில் அன்று நடந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது.

கடல் கடந்த ஊரில் எப்படி வசூல் செய்தார்கள்? (வங்கி ஊழியர், காரைக்குடி)

நேதாஜியின் போர் நிதிக்கு ஒவ்வொரு பெட்டியடியிலும் (செட்டியார் கணக்குப் பெட்டி வைத்து உட்காரும் இடம்) எப்படித் திரட்டினார்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பொதுக் காரியத்துக்குப் பணம் திரட்டும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதல்ல. ஊரில் மணமான தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி போட்டால் யார் எவ்வளவு தர வேண்டும் என்ற சந்தேகமே எழாது. வியாபாரத்தில் தர்மத்துக்கென ஒதுக்கும் மகமை தனி. கடல் கடந்த ஊரில் நம்மவர் தொழில் நடத்திய கட்டடமான கிட்டங்கியில் பலரும் ஒரே கூடத்தில் பெட்டி வைத்து உட்கார்ந்திருந்ததால், ஒரு செய்தி எல்லார் காதிலும் விழ அரை நாழிகை போதும். செஞ்சிலுவைக்கு உறுப்பினர் பட்டியல் எப்படியோ, நமக்குப் புள்ளிக் கணக்கு அப்படி.

எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பேரேடுகள் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. வீட்டைக் காலி செய்கிறோம். என்ன செய்யலாம்? (வாசகர், கண்டனூர்)

தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நம் வீட்டுத் தூண்களும் பீங்கான்களும் விலைக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தாளுக்கு அந்த விலைகூடக் கிடைக்காது. ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. அதற்குப் பிந்தைய தேதியிட்ட ரசீதோ நன்கொடைக் குறிப்போ இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். பக்கங்களை ஒட்டவோ வெயிலில் காய வைக்கவோ வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அடுத்த ஞாயிறு காலை நானே கண்டனூர் வருகிறேன். உட்கார்ந்து ஒவ்வோர் ஏடாகப் பார்ப்போம்.