டேட்டாபேஸ் பாதுகாப்புப் பக்கம் போனால் வேலை கிடைக்குமா?

உங்கள் பெண் எல்லாரையும் போல ஏஐ பக்கம் போகாமல் "டேட்டாபேஸ் அக்சஸ் கன்ட்ரோல், ஆடிட்டிங்" என்று ஏதோ சொல்கிறாள், அதற்கெல்லாம் வேலை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் தேடினால் கண்ணில் படாது. டேட்டாபேஸ் அட்மின், ஐ.ஏ.எம். (யாருக்கு என்ன அனுமதி என்று நிர்வகிக்கும்) இன்ஜினியர், கிளவுட் செக்யூரிட்டி, ஐ.டி. ஆடிட் என்று வேறு வேறு தலைப்பில் விளம்பரம் வரும், உள்ளே போய்ப் பொறுப்புகளைப் படித்தால்தான் இவள் சொல்வது இதுதான் என்று புரியும். வேலைவாய்ப்புத் தளத்தில் தேடிவிட்டு ஒன்றுமே இல்லையே என்று பயந்திருந்தால் காரணம் அதுதான்.

பெரிய நிறுவனங்களின் டேட்டா பெரும்பாலும் ஒரே சர்வரில் இருப்பதில்லை, பல சர்வர்களில் துண்டு துண்டாகவும் நகல்களாகவும் பரவியிருக்கும். அதில் யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்று வரையறுப்பது இந்த வேலையின் ஒரு பாதி. பிற்பாடு ஒரு நாள் "இதை மாற்றியது யார், எப்போது?" என்று யாராவது கேட்டால் ஆதாரத்தோடு பதில் சொல்வது மறு பாதி. 2017 தொடக்கத்தில், பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி (ஒரு டேட்டாபேஸ் மென்பொருள்) டேட்டாபேஸ்களை ஹேக்கர்கள் அழித்துவிட்டு, பிட்காயின் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். பணம் கொடுத்தும் டேட்டா திரும்ப வராதவர்கள் உண்டு. அது அப்பட்டமான கவனக்குறைவு, செய்தியிலும் வந்துவிட்டது.

அன்றாடம் நடப்பது செய்தியில் வராது. அப்ளிகேஷன் மொத்தமும் ஒரே ஒரு டேட்டாபேஸ் கணக்கு வழியாக உள்ளே போகும். ஐந்நூறு ஊழியர்கள் பயன்படுத்தினாலும் ஆடிட் லாகில், அதாவது யார் என்ன செய்தார்கள் என்ற பதிவேட்டில், விழுவது அந்த ஒரே கணக்கின் பெயர்தான். யாரோ ராத்திரி இரண்டு மணிக்குச் சம்பளப் பட்டியலைத் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று லாக் சொல்லும், அந்த யாரோ யார் என்று சொல்லாது. உண்மையான ஆளின் அடையாளத்தை லாகின் பக்கத்திலிருந்து டேட்டாபேஸின் கடைசி வரிசை வரைக்கும் தொலையாமல் கொண்டுபோவதுதான் இந்தத் துறையில் கஷ்டமான பகுதி. என்னைக் கேட்டால் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான்.

நாளைக்கே காலாவதியாகிவிடுமோ என்ற கவலை வேண்டாம். ஆளுக்கு ஆள் தனித்தனியாக இல்லாமல் ரோல், அதாவது பொறுப்பு, அடிப்படையில் அனுமதி கொடுக்கும் முறையை ஃபெராயோலோ, குன் என்ற இருவர் 1992-இல் அமெரிக்காவின் நிஸ்ட் என்ற அரசு தரநிலை அமைப்பிலிருந்து எழுதினார்கள், 2004-இல் அது அங்கே தரநிலையாகவும் ஆனது. இன்றைக்கும் முக்கியமான டேட்டாபேஸ்கள் பலவற்றில் அந்த ரோல்தான் ஓடுகிறது.

சரி, பெண் என்ன படிக்க வேண்டும்? எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி), லினக்ஸ் (சர்வர்களில் ஓடும் இயங்குதளம்), கொஞ்சம் நெட்வொர்க். இது மூன்றும் இல்லாமல் செக்யூரிட்டி கோர்ஸில் சேர்ந்தால் காசுதான் நஷ்டம். அப்புறம், படிப்பதோடு நிற்காமல் தன் லேப்டாப்பிலேயே டாக்கரில் (ஒரே கணினியில் பல சர்வர்கள் போல ஓட்ட உதவும் மென்பொருள்) மூன்று நோட், அதாவது மூன்று சர்வர், கொண்ட ஒரு கசாண்ட்ரா கிளஸ்டரை ஓட்டிப் பார்க்கட்டும், கசாண்ட்ரா என்பது பல சர்வர்களில் பரவி ஓடும் டேட்டாபேஸ், அது இலவசம். நிறுவியவுடன் அது யாரிடமும் பாஸ்வேர்டு கேட்காது, அதைக் கேட்க வைப்பதே முதல் பாடம். பிறகு ரோல்கள் உருவாக்கி ஒரு டேபிளுக்கு மட்டும் பார்க்கும் அனுமதி கொடுத்துவிட்டு, நோட்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கட்டும். ஏதோ ஒரு நோட் விழும்போது சில ரோல்களால் உள்ளே நுழையவே முடியாது. ஏனென்றால் பயனர் விவரங்களை வைத்திருக்கும் system_auth என்ற கீஸ்பேஸுக்கு (டேபிள்களின் தொகுப்பு) தானாக அமைவது ஒரே ஒரு நகல்தான், டேட்டாவுக்கு மூன்று நகல் வைத்தவர்கள் இதை மறந்துவிடுவார்கள். அதே மாதிரி அனுமதியை ரத்து செய்தாலும் உடனே போகாது, ஒவ்வொரு நோடும் பழைய அனுமதியைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். இயல்பாக இரண்டு விநாடி. வேகத்துக்காக அதை யாராவது ஒரு மணி நேரமாக ஏற்றி வைத்திருந்தால், வேலையை விட்டு அனுப்பப்பட்டவர் அந்த ஒரு மணி நேரமும் உள்ளேயே இருக்கலாம்.

ஆடிட் லாகையும் பார்க்கச் சொல்லுங்கள். 4.0 பதிப்பிலிருந்து கசாண்ட்ராவிலேயே அது இருக்கிறது, நாம்தான் இயக்க வேண்டும். டேட்டாபேஸிடம் அனுப்பும் ஒவ்வொரு கேள்வியையும் (query) எந்த நோட் வாங்கியதோ அதில்தான் பதிவு விழும், ஆக ஒரு ஆளின் நடமாட்டத்தைத் தெரிந்துகொள்ள மூன்று லாகையும் சேர்த்து நேர வரிசைப்படுத்த வேண்டும். நோட்களின் கடிகாரம் ஒத்துப்போகவில்லை என்றால் கதையே மாறிவிடும். இதைச் செய்து, நடந்ததை இரண்டு பக்கம் எழுதி வைத்துக்கொண்டால் இன்டர்வியூவில் பேசுவதற்கு அதுவே போதும்.

சர்டிஃபிகேட் பற்றி உஷாராக இருங்கள். சிசா (CISA) என்ற ஐ.டி. ஆடிட் சான்றிதழ் நல்ல பெயர் உள்ளதுதான், ஆனால் தேர்வில் தேறினால் மட்டும் அது கைக்கு வராது, ஐந்து வருட அனுபவம் காட்ட வேண்டும், படிப்புக்கும் வேறு சிலவற்றுக்கும் அதில் ஓரளவு சலுகை உண்டு. படிப்பு முடித்தவுடனே சிசா வாங்கித் தருகிறோம் என்று எந்தப் பயிற்சி மையமாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளட்டும். இந்த வேலையில் பாதி நேரம் "உங்களுக்கு இந்த அனுமதி தர முடியாது" என்று தன்னைவிட மூத்தவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும். முகம் கோணாமல் அதைச் சொல்லவும், சொன்ன காரணத்தை எழுத்தில் வைக்கவும் வந்தால் பிழைத்துக்கொள்வாள். வராது என்றால் கோடிங் பக்கமே நிம்மதி.

முதல் வேலை வெறும் டேட்டாபேஸ் சப்போர்ட்டாக அமைந்தாலும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், யார் எதற்காக அனுமதி கேட்டு வருகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். இரவு ஷிஃப்ட் உண்டா என்று மட்டும் சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், சப்போர்ட்டில் அது சகஜம்.