ஒரே சரக்கு, நாலு வாசல்: ஸ்டாக் கணக்குக் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வலியைத்தான் சொல்கின்றன. கடையிலும் விற்கிறோம், இணையத்திலும் விற்கிறோம், எந்தப் பொருள் எங்கே எத்தனை இருக்கிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் விஷயங்கள் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

கேள்வி: கடை, சொந்த வெப்சைட், இரண்டு மார்க்கெட்பிளேஸ் (அமேசான் மாதிரி பலரும் விற்கும் இணையச் சந்தை) என்று நான்கு இடங்களில் விற்கிறோம். கடைசிப் பீஸை இரண்டு பேருக்கு விற்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது. இப்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்டாக் சிங்க் ஆகிறது, அதாவது எல்லா இடத்து எண்களும் ஒன்றுபோல் புதுப்பிக்கப்படுகின்றன. ஒரு நிமிடமாக மாற்றினால் சரியாகிவிடுமா?

குறையும், ஆனால் நிற்காது. கடைசியாக இருக்கும் ஒரு நீலச் சட்டையை நினைத்துப் பாருங்கள். காலை 10:02-க்குக் கடைக்கு வந்த ஒருவர் அதை எடுத்துக்கொண்டு ட்ரையல் ரூமுக்குப் போகிறார். 10:06-க்கு வெப்சைட்டில் இன்னொருவர் அதே சட்டைக்குப் பணம் கட்டிவிடுகிறார். 10:20-க்குக் கடைக்காரர் பில் போட்டு, சட்டையைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார். ட்ரையல் ரூமுக்குள் இருந்த சட்டை எந்த மென்பொருளின் கண்ணுக்கும் தெரியாது, சிங்க் ஒரு நொடியில் நடந்தாலும் இந்தத் தகராறு வந்தே தீரும்.

அதனால் வேகத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் வெளியே காட்டும் எண் எது என்பதை. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று எண்கள் வேண்டும்: கையிருப்பு, ஏற்கெனவே வந்த ஆர்டர்களுக்கு ஒதுக்கியது, மிச்சமாக விற்கக் கிடைப்பது. தளங்களுக்குப் போக வேண்டியது மூன்றாவது மட்டும்தான். பல இடங்களில் நான் பார்ப்பது என்னவென்றால், ஆர்டர் காலையில் வருகிறது, சாயங்காலம் பார்சல் கட்டும்போதுதான் ஸ்டாக்கில் ஒன்று குறைகிறது, இடைப்பட்ட ஏழெட்டு மணி நேரமும் விற்றுப்போன பொருள் நான்கு தளங்களிலும் விற்பனைக்கு நிற்கிறது. ஆர்டர் விழுந்த அந்த நொடியே ஒதுக்கிவிடுங்கள். பணம் கட்டாமல் பாதியில் நிற்கும் ஆர்டருக்கு அரை மணி நேரம் என்று ஒரு கெடு வைத்து, அது தாண்டினால் தானாக விடுபடும்படி அமைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், இருப்பதில் கொஞ்சத்தைத் தளங்களில் காட்டாமல் மறைத்து வைப்பது. எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி ஐந்து பீஸ் மறைத்து வைப்பவர்கள் அநேகம் பேர், அது தேவையில்லாத நஷ்டம். ஒரு பொருள் 12 மணி நேரத்தில் 96 விற்றால், 15 நிமிட இடைவெளியில் சராசரியாக இரண்டு போகிறது, கூட்ட நேரத்தில் நான்கு போகலாம், ஆகவே நான்கைந்து மறைத்து வைப்பது நியாயம். வாரத்துக்கு ஒன்று விற்கும் பொருளுக்கு ஒன்று போதும், கடையிலேயே வைக்காத பொருளாக இருந்தால் அதுகூட வேண்டாம்.

இன்னொன்று, இதை உங்கள் மென்பொருள் ஆளிடம் கட்டாயம் கேளுங்கள். தளங்களிலிருந்து வரும் ஆர்டர் செய்தி நெட்வொர்க் கோளாறால் இரண்டு முறை வந்தால் ஸ்டாக் இரண்டு முறை குறைகிறதா? ஒரு ஆர்டர் எண்ணை ஒரே ஒரு முறைதான் கணக்கில் எடுக்க வேண்டும். அதேபோல் தளங்களுக்கு அனுப்பும்போது 'ஒன்று குறை' என்று அனுப்பாமல் 'இப்போது இருப்பது 7' என்று முழு எண்ணாக அனுப்பச் சொல்லுங்கள், நடுவில் ஒரு செய்தி தொலைந்தாலும் அடுத்த செய்தி அதைச் சரிசெய்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் தப்பித்தவறி நடந்தால் அன்றைக்கே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். மார்க்கெட்பிளேஸ்களில் விற்பவர் ரத்துசெய்யும் ஆர்டர்கள் அவர் பெயரில் கரும்புள்ளியாக ஏறும். அமேசானில், நீங்களே அனுப்பும் ஆர்டர்களில் இந்த ரத்து 2.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி.

கேள்வி: எக்செலிலேயே ஸ்டாக் பார்க்கிறோம். எதுவரை தாங்கும்?

ஒரே ஆள், ஒரே இடம், நாளைக்குப் பத்துப் பதினைந்து ஆர்டர் என்றால் தாராளமாகத் தாங்கும். இரண்டு பேர் ஒரே ஷீட்டைத் திருத்த ஆரம்பித்த நாளிலிருந்து ஆபத்துதான். ஆனால் எக்செல்லில் இருக்கும் வரை பொருள் குறியீடுகளில் ஜாக்கிரதையாக இருங்கள், ஏனென்றால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் இங்கேதான் முளைக்கிறது. பூஜ்யத்தில் தொடங்கும் பார்கோடை எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் நீளும் எண்ணில் மிச்ச இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். மார்ச் மாதத்தின் ஆங்கிலச் சுருக்கத்தோடு ஒரு எண் சேர்ந்த குறியீடு என்றால் அதைத் தேதியாகவே மாற்றிவிடும். குறியீடுகளை உள்ளே ஏற்றுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்துவிட்டால் தப்பிக்கலாம். குறியீடு உருவாக்கும்போது ஆங்கில ஓ எழுத்தையும் ஐ எழுத்தையும் தவிர்த்துவிடுங்கள், பூஜ்யத்தோடும் ஒன்றோடும் குழம்பும்.

நான்கு தளங்களிலும் ஒரே பொருளுக்கு ஒரே குறியீடு என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இது இல்லாமல் எந்த மென்பொருள் வாங்கினாலும் அது உங்களுக்கு உதவ முடியாது.

கேள்வி: 100 பீஸ் வந்தால் கடைக்கு 40, வெப்சைட்டுக்கு 30, மற்ற இரண்டுக்கும் 15, 15 என்று பிரித்துவிடுகிறோம். சண்டை இல்லாமல் போகிறது. இது தப்பா?

சண்டை இல்லை என்பது உண்மைதான், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். ஒரு தளத்தில் தீர்ந்துபோய் வாடிக்கையாளர் திரும்பிப் போகும்போது பக்கத்துத் தளத்தில் அதே பொருள் சும்மா கிடக்கும். இதைக் கணக்காகவே காட்டலாம். நான்கு இடங்களிலும் தேவை ஒரே அளவு ஏறி இறங்குகிறது, ஒன்றின் ஏற்றத்துக்கும் இன்னொன்றின் ஏற்றத்துக்கும் சம்பந்தமில்லை என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 20 பீஸ் பாதுகாப்பு இருப்பு (எதிர்பாராமல் தேவை கூடினால் சமாளிக்க வைத்திருப்பது) வேண்டுமென்றால் மொத்தம் 80. எல்லாவற்றையும் ஒரே குவியலாக வைத்தால் 40 போதும், ஏனென்றால் ஒன்றில் கூடும்போது இன்னொன்றில் குறைந்து ஈடுகட்டிக்கொள்ளும், தேவைப்படுவது ஒரு இடத்துக்கானதைப்போல் இடங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் மடங்குதான், நான்கு இடத்துக்கு இரண்டு மடங்கு. ஆய்வாளர் கேரி எப்பன் 1979-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு இது இந்தத் துறையில் பாலபாடமாகிவிட்டது. பண்டிகை மாதிரி எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தேவை ஏறும் காலத்தில் மட்டும் இந்த லாபம் சுருங்கிவிடும்.

பிரித்தே ஆக வேண்டிய இடமும் உண்டு. மார்க்கெட்பிளேஸின் கிடங்குக்கே அனுப்பி வைத்த சரக்கு உங்கள் கையை விட்டுப் போனதுதான், அதைத் தனி இடமாகக் கணக்கில் வையுங்கள், உங்கள் வெப்சைட்டின் எண்ணோடு கூட்டாதீர்கள். அங்கே அனுப்பும்போது மூன்று மாதத்துக்கானதை மொத்தமாக அனுப்பாமல் மூன்று, நான்கு வாரத்துக்கானதை மட்டும் அனுப்பிப் பாருங்கள்.

கேள்வி: திரையில் 7 என்று காட்டுகிறது, அலமாரியில் 4 தான் இருக்கிறது. ஊழியர்கள் மென்பொருளைக் குறை சொல்கிறார்கள், நான் ஊழியர்களைச் சந்தேகிக்கிறேன். யார் சரி?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி, பலர் கேட்க வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட ஒன்றுமே இல்லை. நிக்கோல் டிஹொரேஷியஸ், அனந்த் ராமன் என்ற ஆய்வாளர்கள் ஒரே நிறுவனத்தின் 37 கடைகளில் கிட்டத்தட்ட 3,70,000 இருப்புப் பதிவுகளை எடுத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 65 சதவீதப் பதிவுகள் உண்மையான எண்ணிக்கையோடு பொருந்தவில்லை. அத்தனை வசதியுள்ள பெரிய நிறுவனத்திலேயே இதுதான் நிலைமை.

திருட்டு ஒரு காரணம்தான், ஆனால் உடனே அங்கே போய் நிற்காதீர்கள். நான் கணக்குப் பார்த்த ஒரு கடையில் ஒரே மாடல் பை கறுப்பிலும் பழுப்பிலும் இருந்தது, விலை ஒன்று. வாடிக்கையாளர் இரண்டு நிறத்திலும் ஒவ்வொன்று எடுத்து வந்தால் பில் போடுபவர் கறுப்பை மட்டும் ஸ்கேன் செய்து அளவு 2 என்று அடித்துவிடுவார். பணம் சரியாக இருக்கும், பைகளின் மொத்த எண்ணிக்கையும் சரியாக இருக்கும், அதனால் மாதக் கடைசியில் யாருக்கும் உறுத்தவில்லை. வெப்சைட்டில் மட்டும் கறுப்பு தீர்ந்துவிட்டது என்று வந்தது, அலமாரியில் பதினொரு கறுப்புப் பை வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பழுப்போ கைவசம் ஒன்றும் இல்லாமலேயே ஆர்டர் வாங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பீஸையும் தனித்தனியாக ஸ்கேன் செய்யச் சொன்னதும் இந்தப் பிரச்சினை அடங்கியது. யாரும் எதையும் திருடவில்லை, ஒரு நல்ல மனிதர் வரிசையைச் சீக்கிரம் அனுப்ப நினைத்தார், அவ்வளவுதான்.

இதே மாதிரி, சரக்கு வந்து இறங்கும்போது சப்ளையர் பில்லில் இருக்கும் எண்ணை அப்படியே ஏற்றிவிடுவது, உடைந்ததைக் குப்பையில் போட்டுவிட்டுக் கணக்கில் கழிக்காமல் விடுவது, சாம்பிளாக எடுத்துக் கொடுத்ததை மறப்பது. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பதிவு, காரணத்தோடு, என்ற பழக்கம் வந்துவிட்டால் எங்கே ஒழுகுகிறது என்று பதிவுகளே காட்டிக்கொடுக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை கடையை மூடி எல்லாவற்றையும் எண்ணுவதைவிட தினமும் கொஞ்சம் எண்ணுங்கள். அதிகம் விற்பவற்றை வாரம் ஒருமுறை, நடுத்தரத்தை மாதம் ஒருமுறை, மற்றதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இருப்பு மைனஸில் போனால் அன்றே தேடுங்கள், சும்மா பூஜ்யமாக்கிவிட்டு நகராதீர்கள். இன்னொரு வகையையும் தேடிப் பிடிக்க வேண்டும்: திரையில் 3 இருக்கிறது, வழக்கமாக ஓடும் பொருள், ஆனால் மூன்று வாரமாக ஒன்றுகூட விற்கவில்லை. அலமாரியில் அது இருக்காது. கணக்கில் இருப்பதால் யாரும் மறுபடி ஆர்டர் போட மாட்டார்கள், பொருள் இல்லாததால் விற்கவும் விற்காது, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இந்தப் பட்டியலை வாரா வாரம் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ரிட்டர்ன் வந்ததும் ஸ்டாக் தானாக ஏறிவிடுகிறது. நல்லதுதானே?

வேண்டாம், அதை அணைத்துவிடுங்கள். ரிட்டர்ன் பார்சலைப் பிரித்துப் பார்க்கும் வரை அது 'சோதனையில்' என்ற தனிக் கணக்கில் இருக்கட்டும். வேறு சைஸ் வந்திருக்கலாம், கறை இருக்கலாம். ஆனால் இரண்டு நாளைக்கு மேல் அங்கே தங்க விடாதீர்கள், மூலையில் குவிந்து கிடக்கும் ரிட்டர்ன் எல்லாமே முடங்கிய பணம்.

கேள்வி: இரண்டு கப், ஒரு தட்டு சேர்த்து செட்டாக விற்கிறோம், தனியாகவும் விற்கிறோம். செட்டுக்குத் தனி ஸ்டாக் வைக்கலாமா?

முன்கூட்டியே கட்டி சீல் வைத்துவிட்டால் மட்டும் தனி ஸ்டாக். இல்லையென்றால் செட் என்பது வெறும் பெயர், அதன் இருப்பைப் பாகங்களிலிருந்து கணக்கிட வேண்டும். கப் 31, தட்டு 12 என்றால் கப்பை வைத்து 15 செட், தட்டை வைத்து 12 செட், சிறியதே உங்கள் எண். ஒரு செட் விற்றதும் இரண்டு கப், ஒரு தட்டு உடனே குறைய வேண்டும், தனிக் கப்பின் எண்ணும் எல்லாத் தளத்திலும் மாற வேண்டும்.

கேள்வி: எப்போது மறு ஆர்டர் போடுவது என்பதை இதுவரை கண் மதிப்பில்தான் செய்கிறேன். பொருட்கள் பெருகிவிட்டதால் முடியவில்லை.

உங்கள் கண் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், முப்பது பொருள் வரை அது அருமையாக வேலை செய்யும். முந்நூறு ஆகும்போது கணக்கு வேண்டும்.

எல்லாத் தளங்களையும் கூட்டி ஒரு பொருள் நாளைக்குச் சராசரி 8 விற்கிறது, சரக்கு வந்து சேர 10 நாள் ஆகிறது என்றால் அந்த இடைவெளிக்கு 80 வேண்டும். தினசரி விற்பனையின் திட்ட விலக்கம், அதாவது விற்பனை சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அளவு, 3 என்றால் (எக்செலிலேயே இதற்கு ஃபார்முலா இருக்கிறது), 95 சதவீத முறை தீராமல் இருக்க, அந்தச் சதவீதத்துக்கான புள்ளியியல் எண்ணான 1.65-ஐ 3-ஆலும், 10-இன் வர்க்கமூலமான 3.16-ஆலும் பெருக்குங்கள், சுமார் 16 வரும். ஆக 96-க்கு இறங்கியதும் ஆர்டர். சப்ளையர் சில சமயம் 10 நாள், சில சமயம் 20 நாள் என்று இழுப்பவராக இருந்தால் இந்த 16 போதாது, அவர் பழைய தேதிகளைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, 96-ஐக் கையிருப்போடு மட்டும் ஒப்பிடுவது. ஏற்கெனவே ஆர்டர் போட்டு வரவேண்டிய சரக்கைக் கூட்டி, ஒதுக்கியதைக் கழித்து அப்புறம் ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே சரக்கை இரண்டு முறை வாங்குவீர்கள். இரண்டாவது, ஸ்டாக் இல்லாத நாட்களையும் சராசரியில் சேர்ப்பது. 30 நாளில் 150 விற்றது என்றால் நாளைக்கு 5 என்று தோன்றும், ஆனால் அதில் 10 நாள் பொருளே இல்லை, உண்மையான வேகம் 7.5. இதைக் கவனிக்காமல் 5 என்று எடுத்தால் அடுத்த முறை இன்னும் குறைவாக வாங்குவீர்கள், இன்னும் சீக்கிரம் தீரும், சராசரி மறுபடி இறங்கும். நன்றாக ஓடும் பொருளை இப்படித்தான் பல கடைகள் தாங்களே சாகடிக்கின்றன, பார்க்கவே மனசு கேட்காது.

கேள்வி: புதிய மென்பொருளுக்கு மாறப்போகிறோம். எப்படித் தொடங்குவது?

விற்பனை குறைவான ஒரு இரவைத் தேர்ந்தெடுங்கள். எல்லாத் தளங்களிலும் இருப்பைச் சில மணி நேரத்துக்குப் பூஜ்யமாக்கிவிட்டு, நிலுவையில் உள்ள ஆர்டர்களின் சரக்கை முதலில் எடுத்து, சீட்டு ஒட்டித் தனியாக வையுங்கள். அப்புறம் எண்ணுங்கள், இருவர் இருவராக, ஒருவர் எண்ணியதை இன்னொருவர் திரையைப் பார்க்காமல் மறுபடி எண்ணட்டும். பழைய ஷீட்டிலிருந்து இருப்பு எண்களைக் கொண்டுவராதீர்கள், பழைய பிழைகளும் கூடவே குடியேறிவிடும். காலையில் சொந்த வெப்சைட்டை மட்டும் திறந்து ஒரு நாள் ஓடவிடுங்கள், மற்றவை மறுநாள். முதல் இரண்டு வாரம் தினமும் இருபது பொருளை எடுத்து அலமாரியையும் திரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் வந்தால் அந்தப் பொருளின் பதிவுகளை வரிசையாகப் படியுங்கள், எந்தப் படியில் தப்பியது என்று அதிலேயே தெரிந்துவிடும்.